நகராத கப்பலும் நாலு இஸ்பேடும்

பிரிட்ஜ் ஆட்டத்துக்கும் பாலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கான்ஸ்டான்டிநோபிளில் பாலத்தைக் கடந்துபோய்க் காபிக்கடையில் சீட்டாடிய ஆங்கிலச் சிப்பாய்கள் வைத்த பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதை, நம்ப வேண்டாம். 1886ல் லண்டனில் அச்சான ஒரு சின்னக் கையேட்டில் ஆட்டத்தின் பெயர் ‘பிரிட்ச், அல்லது ருஷ்ய விஸ்ட்’ என்றுதான் இருக்கிறது. தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கிய வாய்க்கு பிரிட்ச்சைப் பிரிட்ஜ் ஆக்குவது ஒரு வேலையா?

பிரிட்ஜுக்குப் பாட்டன் விஸ்ட். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியோடு வாய் திறக்காமல் பிடி எடுக்க வேண்டும். எட்மண்ட் ஹாய்ல் என்ற பெரியவர் எழுபதை ஒட்டிய வயதில், 1742ல், இதற்கு ஒரு நோட்ஸ் போட்டு ஒரு கினி விலையும் வைத்தார். உடனே திருட்டுப் பதிப்புக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அசல் இதுதான் என்று காட்ட, கிழவர் பிரதிகளில் கையெழுத்துப் போட்டே கை ஓய்ந்திருப்பார்.

பிறகு ஏலம் வந்தது. ‘நான் இத்தனை பிடி எடுக்கிறேன், துருப்பு இது’ என்று மார்தட்டிக் கேட்கும் முறை. இந்தியாவின் ஏதோ ஒரு மூலையில் நான்காவது கை கிடைக்காமல் தவித்த மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் கண்டுபிடித்தது என்பார்கள். அப்போது ஜமாபந்தியை யார் பார்த்தார்கள் என்று கேட்கக் கூடாது.

அந்த ஏல ஆட்டத்தை மாற்றி எழுதியது ஒரு கப்பல் பயணம். 1925 அக்டோபர் 31 ராத்திரி ‘ஃபின்லாந்து’ என்ற கப்பல் பனாமாக் கால்வாய் வாசலுக்கு நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. உள்ளே நுழையவும் முடியாது, கரையில் இறங்கவும் முடியாது. கப்பலில் ஹரால்ட் வாண்டர்பில்ட் இருந்தார். தாத்தாவின் அப்பா கப்பலிலும் ரயிலிலும் சேர்த்த பணம் இருந்ததால், படகுப் பந்தயத்தையும் சீட்டையும் உத்தியோகம் மாதிரி சிரத்தையாகக் கவனிக்க முடிந்த மனிதர். அன்றைக்கு ஆட்டத்தில் சேர்ந்துகொண்ட ஒரு பெண்மணி, சீனாவில் ஆடிய ஆட்டம் என்று சொல்லி விபரீத யோசனைகளாக அள்ளிவிட்டார். வாண்டர்பில்டுக்கு எரிச்சல் தாங்கவில்லை. மறுநாள் கப்பல் கால்வாயைக் கடக்கிற நேரத்துக்குள் ஒரு புள்ளிப் பட்டியலையே எழுதி முடித்துவிட்டார். கேட்ட பிடிக்குத்தான் ஆட்டக் கணக்கில் மதிப்பு. பெரிதாகக் கேட்டு எடுத்தால் சன்மானம். ஒரு ஆட்டம் ஜெயித்த கட்சி அடுத்து சறுக்கினால் அடி பலம். அந்த நிலைமைக்கு ‘வல்நரபிள்’ என்று பெயர் எடுத்துக் கொடுத்ததும் கப்பலில் வந்த ஒரு இளம்பெண்தான். அவள் பெயரை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. போன மாசம் கிளாவர் ஏழு யார் கையில் இருந்தது என்று கேளுங்கள், சொல்வார்கள்.

நாலே வருஷத்தில் ஆட்டம் ஓர் உயிரையும் வாங்கியது. 1929ல் கான்சாஸ் சிட்டியில் பென்னட் தம்பதி அண்டைவீட்டுத் தம்பதியோடு ஆட உட்கார்ந்தார்கள். புருஷன் நாலு இஸ்பேடு ஆடிக் கவிழ்ந்தார். மனைவி வாயை விட, அவர் கையை நீட்ட, இந்த அம்மாள் துப்பாக்கியை எடுத்து வந்துவிட்டார். 1931ல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. எலை கல்பர்ட்சன் என்ற பிரிட்ஜ் வாத்தியார், அன்றைய கை என்று சொல்லப்பட்ட சீட்டுகளை வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆராய்ந்தார். செத்தவருக்கு ஸ்பெஷல் கிளாஸ்!

அதே கல்பர்ட்சன் 1931 டிசம்பரில் சிட்னி லென்ஸ் என்ற இன்னொரு ஆட்டக்காரரோடு 150 ரப்பர் (இரண்டு ஆட்டம் முதலில் ஜெயித்தால் ஒரு ரப்பர்) ஆட ஆரம்பித்து, ஜனவரியில் 8,980 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் படுத்துக் கிடந்தது. பத்திரிகைகளோ இந்த ஆட்டத்தைத் துரத்தித் துரத்தி எழுதின. வேலை போனவனுக்குக் கட்டுப்படியான பொழுதுபோக்கு ஒரு சீட்டுக்கட்டுதானே.

2018ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜையும் சேர்த்தார்கள். ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் இந்தியாவுக்கு: பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. ஓட்டமில்லை, தாண்டலில்லை. நாற்காலியை விட்டு எழுந்ததே மெடல் வாங்கத்தான்.