யேல் துரையும் பிலிம் டப்பாவும்

2003 வாக்கில் ஜியோகேச்சிங் போவதென்றால், ஆபீஸ் பிரின்டரில் மேனேஜர் பார்க்காத நேரம் பார்த்து நாலு தாள் எடுப்பதில்தான் தொடங்கும். எவரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிடுவார். நாம் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு, பணம் எதுவும் கிடையாது. “இதுக்காடா அமெரிக்காக்காரன் ராக்கெட் விட்டான்?” என்பான் அறைத்தோழன்.

கிட்டத்தட்ட அப்படித்தான். பொதுமக்களின் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2-ஆம் தேதி நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து எண்களை அறிவித்துவிட்டார். வாளிக்குள் இருந்த சாமான்களில் ஒரு பீன்ஸ் டின்னும் உண்டு.

நாங்கள் போனது வேல்ஸில், ரெக்ஸம் ஊரின் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு. அதன் 16-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் சுமார் 135 அடி. வேல்ஸின் ஏழு அதிசயங்களில் ஒன்று என்பார்கள். அண்ணாந்து பார்க்க எங்களுக்கு ஏது நேரம்? கையில் இருந்த மஞ்சள் கார்மின் கருவியில் வரைபடம் கிடையாது, ஓர் அம்புக்குறிதான். மரத்தடிக்குப் போனால் அதுவும் படுத்துவிடும். நண்பன் கருவியைக் கற்பூரத் தட்டு மாதிரி தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு கல்லறைகளைச் சுற்றிவந்தான். பூ வைக்க வந்த ஒரு பாட்டி, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தோம். இல்லையென்றால் போலீஸ் வந்திருக்கும்.

எண்களையும் நேராகத் தந்துவிட மாட்டார்கள். வடக்கு 53 பாகை 02 வரைக்கும் இருக்கும். மிச்சம் ஏ, பி, சி. ஏ என்பது கோபுரத்துக்கு மேற்கே புதைக்கப்பட்டிருப்பவர் இறந்த ஆண்டின் மூன்றாம் இலக்கம்.

“1721. ரெண்டு மாப்ள, எழுதிக்கோ.”

“யாருடா அது?”

“யாரோ யேலாம். அடுத்து பி சொல்லு.”

யாரோ யேல்! பாஸ்டனில் பிறந்து, 1672-இல் சென்னைக்கு வந்து, 1680-இல் கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் கல்யாணம் முடித்து, 1687-இல் கவர்னரான எலிஹு யேல். கம்பெனி வேலையோடு வேலையாகச் சொந்த வியாபாரத்திலும் கொழித்தவர். அவர் காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள். முறைகேட்டுப் புகார்களால் 1692-இல் பதவி போயிற்று, பணம் போகவில்லை. 1718-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ராஜாவின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. கல்லூரிக்கு யேல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவ்வளவு மலிவாக அழியாப் புகழ் வாங்கியவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. விண்ணப்பக் கட்டணத்தைப் பார்த்து மிரண்டு அந்தப் பல்கலைக்கழகத்தையே மறந்தவன்தான் அங்கே நின்று “ரெண்டு மாப்ள” என்றது. சிறுவயதிலேயே இறந்த யேலின் மகன் டேவிட் இருப்பது சென்னை சட்டக் கல்லூரி வளாகத்தில். அந்தச் சமாதியை நகர்த்திவிட்டு வாகன நிறுத்துமிடம் கட்டலாமா என்று அண்மையில் உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது.

டேவிஸ் சகோதரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் அடித்த இரும்பு வாயிற்கதவு இருக்கிறதே, அது எங்களுக்கு ‘சி’.

இப்போது மகளோடு போகிறேன். அச்சடித்த தாளும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. கைபேசியைக் கல்வெட்டின் முன் நீட்டினாள். எழுத்தை அதுவே படித்து, கணக்கையும் போட்டுவிட்டது. வாழ்ந்தவரின் நன்மை தீமைகளைக் கூட்டிக் கழித்து நேர்செய்யப் பார்க்கும் கவிதை ஒன்று அந்தக் கல்லில் இருக்கிறது. அதில் எண் கிடையாது. ஆகவே கைபேசி அதைப் பொருட்படுத்தவில்லை.

“இதெல்லாம் போட்டோலயே இருக்குப்பா. வீட்லயே கண்டுபிடிச்சிருக்கலாம்.”

யாரும் எங்களைச் சந்தேகிக்கவும் இல்லை. தெருவே கைபேசியைப் பார்த்துக்கொண்டு செடியில் முட்டும் காலம் இது.

புதிரில் ஹீபருக்கு ஒரு எழுத்துகூட ஒதுக்கவில்லை. திருச்சிக்காரனுக்கு அது வருத்தம்தான். 1819-இல் ரெக்ஸமில் இருந்த மாமனார் வீட்டில் ரெஜினால்டு ஹீபர் ஒரு மிஷனரிப் பாட்டு எழுத, மறுநாள் இதே தேவாலயத்தில் பாடினார்கள். இலங்கையின் காற்றைப் புகழ்ந்து மனிதர்களை ஏசும் பாட்டு. பிறகு கல்கத்தா பிஷப்பாகி, 1826 ஏப்ரலில் திருச்சி வெயிலில் பிரசங்கம் செய்துவிட்டு, குளிக்க இறங்கிய இடத்தில் இறந்துபோனார். எங்கள் ஊர் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் இருக்கிறார். கல்லூரிக்கும் அவர் பெயர். இத்தனையையும் மகளிடம் சொன்னேன்.

“அவர் பேர்ல எத்தனை லெட்டர்ப்பா? ஒருவேளை டி-யோ?”

சுவரோரத்து ஐவிக் கொடிக்குள் டப்பா கிடைத்தது. கறுப்பு பிலிம் டப்பா. “இதுல என்னப்பா வரும்?” என்றாள். பிலிம் என்றேன். டப்பாவை மறுபடி உற்றுப் பார்த்தாள். ஈரச் சுருளில் பெயர் எழுத எங்களிடம் பேனா இல்லை. 2021-இல் இரண்டு நடிகர்கள் ரெக்ஸம் கால்பந்து அணியை வாங்கியதிலிருந்து இந்த ஊரில் சிவப்புச் சட்டை அமெரிக்கர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் பேனா தந்தார். யேல் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டி நின்றவர், ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார். வழி சொன்னோம். பேனாவை வாங்காமலே போய்விட்டார்.