மூச்சு முட்டுவன இயல்

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரித்தார். நுரையீரல் ஆய்வுக்கூடத்தார் மூச்சு பறிபோன விதத்தால் பிரிக்கிறார்கள். ஒரே கூண்டில் பிறந்த இரு முயல்கள் அங்கே வெவ்வேறு குலமாகிவிடும்.

முதலாவது, கழுவப்பட்டவை. காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் படலத்தை, வெதுவெதுப்பான உப்புநீரை விட்டு விட்டு அலசி எடுப்பார்கள். 1980இல் லாக்மன் குழு கினிப்பன்றியில் இதைச் செய்தது. பின்னர் முயலும் பன்றியும் இக்குலத்தில் சேர்ந்தன.

அடுத்தது, எண்ணெய் ஏறியவை. ஒலியிக் அமிலத்தைச் சிரையில் ஏற்றிய நாய்களும் செம்மறியாடுகளும் இதில் அடங்கும். எலும்பு முறிந்தவரின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலைத் தாக்குவதற்கு இது ஒப்பு. ஆலிவ் எண்ணெயில் இருந்தவரை இந்த அமிலத்துக்கு நல்ல பெயர்தான்.

மூன்றாவது, ஊதப்பட்டவை. 1974இல் வெப், டியர்னி இருவரும் வென்டிலேட்டரில் எலிகளை அதிக அழுத்தத்தில் ஊத, நுரையீரலில் நீர் கோத்தது. குற்றவாளி அழுத்தமா, கொள்ளளவா? 1988இல் டிரேஃபூஸ் குழு எலியின் மார்பையும் வயிற்றையும் இறுகக் கட்டி அதே அழுத்தத்தில் ஊதியது. நுரையீரல் விரிய வழியில்லை; நீரும் கோக்கவில்லை. இரும்பு நுரையீரலில் கிடத்தி வெளியிலிருந்து இழுத்து விரித்த எலிக்கோ கோத்தது. ஆக, விரிவே குற்றவாளி என்க. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும் ARDS நோய்க்கு வென்டிலேட்டரில் இருந்த 861 நோயாளிகள். உயரத்தை வைத்துக் கணித்த எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டராக இருந்த மூச்சை 6 ஆக்கியதும் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 31க்கு இறங்கியது. கட்டுண்ட எலிக்கு இதில் பங்குண்டு. 

நான்காவது, வகைக்கு அடங்காத நியூசிலாந்து ஆட்டுக்குட்டி. பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று ஆராய்ந்த லிகின்ஸ், கருவிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தினார். குறைமாதத்தில் பிறந்த குட்டி, மூச்சுவிட நியாயமே இல்லாத வயதில் மூச்சுவிட்டது. மற்றவை மூச்சை இழந்து இவ்வியலில் இடம்பெற்றன, இது மூச்சுவிட்டதால். 1972இல் அவரும் சக மருத்துவர் ஹோவியும் குறைப்பிரசவத் தாய்மார்களுக்கு அதே வகை மருந்தைத் தந்து பயன் கண்டார்கள்.

சுண்டெலியைத் தனியே வைக்கவும். விலை குறைவு, இடம் குறைவு, எந்த மருந்துக்கும் குணமாகும் நற்குணம் அதிகம். மனிதனைக் காய்ச்சலில் தள்ளும் பாக்டீரிய நச்சின் பன்மடங்கைத் தாங்கி நடமாடும். இளமை, ஆரோக்கியம், ஒரே ஒரு நோய் என்று அதன் வாழ்க்கை ஒழுங்கானது.

எஞ்சியது மனிதன். 1967இல் ஆஷ்பா குழு ARDS நோயை முதலில் விவரித்தபோது இருந்தவர்கள் 12 பேர்: அடிபட்டவர்கள், வைரஸ் தொற்றியவர்கள், கணையம் வீங்கியவர் எல்லோரும் ஒரே தலைப்பின் கீழ். மேற்கண்ட எந்தக் குலமும் அவர்களை முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.