தொலைநோக்கியும் டோலியும்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பழங்குடிகள் வாழும் ஊர்களுக்கு ராணுவத்தையே அனுப்பினார்களாமே! நம் ஜவ்வாது மலையில் அரசு அப்படியெல்லாம் தலையிடுவதில்லை. நாம் பரவாயில்லைதானே?
– ஒரு வாசகர், போளூர்

பதில்: அவசரப்பட்டு மார்தட்டாதீர்கள். 2007இல் பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு, குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வடக்குப் பிரதேசத்தில் ராணுவத்தை இறக்கியது. அதற்குத் தோதாக இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அங்கே நிறுத்திவைத்தது. நம் அரசின் பாணி வேறு. கூப்பிட்டால் வராது, கூப்பிடாதபோது துப்பாக்கியோடு வரும்.

காட்டு நிலத்தில் பயிரிடும் பழங்குடிகளுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் வந்தது 2006இல். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிகள் தலைமுறைகளாகச் சாமை விதைக்கும் நிலத்துக்குப் பட்டா கேட்டால், சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு உத்தரவு குறுக்கே நின்றது. உச்ச நீதிமன்றம் அதை விலக்க 2016 ஆயிற்று. அதுவரை வயிறு காத்திருக்குமா? பிழைப்புக்கு மலையிறங்கியவர்களில் சிலரைத் தரகர்கள் செம்மரம் வெட்டக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 தமிழர்கள் செத்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. குடும்பத்துக்கு ஐந்து லட்சம் இடைக்கால நிவாரணம் தரும்படி தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. மரம் வெட்டியதற்குத் தண்டனை தூக்கோ தோட்டாவோ என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஐயா.

இதே மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து 1986 முதல் நட்சத்திரங்களைப் பார்த்துவருகிறோம். ரோடில்லாத ஊரிலிருந்து பிரசவ வலிக்காரியை டோலி கட்டித் தூக்கி வருவது தெரிய அவ்வளவு பெரிய கண்ணாடி தேவையில்லை. அதைக் கொஞ்சம் கீழே திருப்பினால் போதும்!