சதுர அடி என்ன விலை?

என் அப்பாவின் கணக்கில் ஓவியக்கலை 1976ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அந்த வருடம்தான் கொண்டையராஜு காலமானார்.

கோவில்பட்டிக்காரருக்கு இது நியாயமான கட்சிதான். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜு கோவில்பட்டியிலேயே தங்கிப்போய், சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் வரைந்து கொடுக்க, தமிழ்நாட்டுப் பூஜையறைகள் எல்லாம் அவர் கைவண்ணத்தில் நிறைந்தன. அவருடைய மீனாட்சி கல்யாணம் எங்கள் வீட்டுக்கு மளிகைக்கடைக் காலண்டராக வந்து, தேதித்தாள் எல்லாம் கிழிந்த பிறகு கண்ணாடி போடப்பட்டு நிரந்தரமாகிவிட்டது. “மீனாட்சி கழுத்துல எத்தனை வடம்னு எண்ணிச் சொல்லலாம்லா?” என்பார் அப்பா. எண்ண முடியாத எதையும் அவர் ஓவியம் என்று ஒப்புக்கொண்டதில்லை.

இப்படிப்பட்டவரை நவீன கலையின் பக்கம் திருப்ப நான் கிளம்பியதற்குக் கலைத்தாகம் மட்டும் காரணமில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தில் ஓவர்சியராகச் சேர்ந்து உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவர், பெங்களூரு ஆர்.டி.நகரில் எங்களோடு வந்து தங்கியதும், பொழுது போகாமல் அடுக்ககத்து பிளம்பர்களை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார். பிளம்பர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அசோசியேஷன் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அங்கிளுக்கு ஏதாவது ஹாபி இருக்கா?” என்று கேட்டார்.

அரண்மனைச் சாலையில் இருக்கிறது தேசிய நவீன கலைக்கூடம். டில்லியில் 1954இலும் மும்பையில் 1996இலும் திறந்த பிறகு, 2009இல் பெங்களூருக்கு வாய்த்தது. இருப்பது மாணிக்கவேலு மாளிகையில். பெயர்ப்பலகையைப் படித்ததும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சுரங்கத் தொழிலில் பணம் பண்ணிய ஒரு முதலியார் குடியிருந்த வீடு என்று சொன்னேன். உள்ளே போய் முதல் அறையில் இருந்த படங்களை விட்டுவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். “ஒன்றரை அடிக்குக் குறையாது.” காவலர் ஓடி வந்தார். “முட்ட பேடி சார்!” சுவரைத் தொட்டதற்காக அந்தக் கலைக்கூடத்தில் கண்டிக்கப்பட்ட பார்வையாளர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அடுத்த அறையில் ஒரு பெரிய கித்தான். முழுக்கச் சாம்பல் நிறம், ஓரத்தில் கொஞ்சம் காவி.

“என்னய்யா இது?”

“அருவ ஓவியம்ப்பா. உருவம் எதுவும் இருக்காது.”

“அது தெரியுது. உருவம் இல்லாததுக்குச் சட்டம் எதுக்குப் போட்டிருக்கான்?”

இதற்குச் சிறுபத்திரிகைகளில் பதில் இருக்கிறது. ‘வெளி’, ‘இருத்தல்’, ‘கட்டுடைப்பு’ என்று கையில் நாலு சொல் வைத்துக்கொண்டு ஒருகாலத்தில் நானே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அதே சொற்களை வேட்டி கட்டிய ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர் முகத்துக்கு நேரே சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். “வாங்க, காபி குடிக்கலாம்” என்றேன்.

வீட்டில் கே.சி.எஸ். பணிக்கரின் படத்தொகுப்பு ஒன்று இருந்தது. 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர். ஓவியர்கள் பாத்திக் துணி அச்சடித்து விற்று அந்தக் காசில் மனையும் வாங்கி, ஓவியமும் வரைந்தார்கள் என்று சொன்னதும் அப்பாவுக்கு மரியாதை பிறந்தது. மனை வாங்கியவர்கள் சோம்பேறிகளாக இருக்க முடியாதில்லையா? பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் கட்டங்கள், எண்கள் மாதிரி சில, எழுத்து மாதிரி பல. ஒன்றையும் வாசிக்க முடியாது. படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பா அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குள் நம்பிக்கை துளிர்த்தது. கடைசியில் நிமிர்ந்து, “ஜாதகம் அரைகுறையா இருக்கு. லக்னம் போடல” என்றார். அந்த வரிசைக்கு ஜாதகக் கட்டமும் ஒரு மூலம் என்று விமர்சகர்களே எழுதியிருக்கிறார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் லக்னம் ஏன் இல்லை என்று என்னைத்தான் கேட்பார்.

விலையைச் சொல்லி மடக்கலாமா என்றும் பார்த்தேன். எம்.எஃப். ஹுசேன் 1954இல் வரைந்த ‘கிராம யாத்திரை’ அந்த வருடமே நார்வேக்காரர் ஒருவர் கைக்குப் போய், ஓஸ்லோவில் ஒரு மருத்துவமனைச் சுவரில் கிடந்து, 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. “நீளம் என்ன?” என்றார். பதினான்கு அடிக்குச் சற்றுக் குறைவு. “உயரம் மூணுன்னு வச்சுக்க. சதுர அடி மூணு கோடிக்குப் பக்கம் வருது. இந்திராநகர்லயே அந்த விலை கிடையாது. எவனோ கைடுலைன் வேல்யூ பாக்காம வாங்கிட்டான்.” விவகாரம் அத்தோடு முடிந்தது.

திருப்பம் நடந்தது கஸ்தூர்பா சாலையில். விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால், அதே சாலையில் நான் சொல்லும் இடத்துக்கும் வருவதாக ஒப்பந்தம். என்ஜின்களையெல்லாம் ஆசைதீரப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், 2023இல் திறந்த மேப் என்கிற கலை, புகைப்பட அருங்காட்சியகத்தின் முன்னால் நின்றுவிட்டார். கட்டடத்தின் மேல்பகுதி முழுக்க இரும்பு நிறத்தில் சதுரம் சதுரமான தகடுகள், ஒவ்வொன்றிலும் பெருக்கல் குறி போலப் புடைப்பு.

“மேல எத்தனை லட்சம் லிட்டர்?”

“அது தண்ணித் தொட்டி இல்லப்பா, மியூசியம்.”

“யார்ட்ட கதை விடுத? இது பிரெஸ்டு ஸ்டீல் டேங்க்கு. ரயில்வே ஸ்டேஷன்ல பாத்ததில்ல? நாலடிக்கு நாலடித் தகடு. சும்மா தட்டைத் தகடா வச்சா தண்ணி பாரத்துல வயிறு தள்ளிரும். அதுக்குத்தான் குறுக்கால பெருக்கல்குறி அழுத்துதது.”

அந்தக் கட்டடத்தை வடிவமைத்த மேத்யூ அண்டு கோஷ் நிறுவனத்தார் பழைய தகட்டுத் தண்ணீர்த் தொட்டிகளை மனத்தில் வைத்துத்தான் அந்த முகப்பைச் செய்தார்கள். நான் அதைக் கட்டுரையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கண்டுபிடித்துவிட்டார். உள்ளே போனதும் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டுகளில் கடைசி வரியை மட்டும் தேடிப் படித்தார். எந்தப் பொருளால் செய்தது என்பது அங்கேதானே இருக்கும். மேலே உள்ள விளக்கம் எதையும் சீண்டவில்லை. என்னைக் கேட்டால் அந்தச் சீட்டுகளை அப்படித்தான் படிக்க வேண்டும்.

சூத்திரம் பிடிபட்டுவிட்டதால், அன்றிரவே ஷீலா கௌடாவை எடுத்தேன். பத்ராவதியில் பிறந்து பெங்களூரில் வேலை செய்கிறவர். லண்டன் டேட் கலைக்கூடம் வாங்கி வைத்திருக்கும் அவருடைய படைப்பு ஒன்றின் படத்தை மடிக்கணினியில் காட்டினேன்: நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கறுப்புக் கயிறு, அதில் தொங்கும் பளபளவென்ற கார் பம்பர்கள்.

அப்பா கயிற்றைப் பார்த்தார். “இது முடிக்கயிறுலா? லாரியில திருஷ்டிக்குக் கட்டுவான்.”

ஆமாம், கோயில்களில் காணிக்கை கொடுத்த முடியில் நீளமானது சவுரிக்குப் போய்விடும், குட்டையானது இப்படிக் கயிறாகும் என்று சொன்னேன். அப்பா தலையைத் தடவிக்கொண்டார். திருச்செந்தூரிலும் பழனியிலும் திருப்பதியிலும் மாறி மாறி மொட்டை போட்ட தலை அது. “அப்போ நம்ம முடியும் அதுல கிடக்கும்னு சொல்லு.” அப்படி இருக்க வாய்ப்புக் கம்மி என்றேன். “இல்லன்னு நிரூபி பாப்போம்.” இரும்பு பம்பரை மயிர்தான் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதையும் அவரேதான் கவனித்துச் சொன்னார்: “வழக்கமா பம்பருக்குத்தான் கயித்தக் கட்டுவான். இந்தம்மா கயித்துக்குப் பம்பரைக் கட்டியிருக்கு.” நான் படித்த விமர்சனங்களில் இதைவிடத் தெளிவாக எவரும் எழுதியதில்லை.

ஷீலா கௌடா 1990களில் மாட்டுச் சாணத்திலும் படைப்புகள் செய்தார் என்று உற்சாகத்தில் சேர்த்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “எங்க அத்தை சுவர் முழுக்க வரட்டி தட்டுவாக. ஒருத்தனும் லண்டனுக்குக் கூப்பிடல.”

பிறகு முதலை விஷயத்தையும் அப்பா காதில் போட்டேன். எங்களுக்குப் பக்கத்து ஏரியாதான் சுல்தான்பாளையா. 2015 ஜூனில் அங்கே மெயின் ரோட்டில் குளமாகத் தேங்கிய பள்ளத்துக்குள், மைசூரில் ஓவியம் படித்த பாதல் நஞ்சுண்டசுவாமி நிஜ முதலை அளவிலேயே ஒரு முதலையைச் செய்து இறக்கிவிட்டார். அவருக்குச் செலவு 6,000 ரூபாய். படம் ஊரெல்லாம் பரவி, மாநகராட்சி வந்து பள்ளத்தை மூடியது. 2019 செப்டம்பரில், சந்திரயான்-2 நிலவை நெருங்கிக்கொண்டிருந்த வாரத்தில், ஹேரோஹள்ளியில் ஒரு நடிகருக்கு விண்வெளி உடுப்பு மாட்டிக் குண்டும்குழியுமான சாலையில் மிதந்து நடக்க விட்டு வீடியோ எடுத்தார். நிலாவென்றே நினைக்கத் தோன்றும், பின்னாலேயே ஒரு ஆட்டோ வரும்வரை. அந்தச் சாலைக்கும் ஆள் வந்தது.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். “ஆறாயிரத்துல ஒரு ரோடு வேலையா? எஸ்டிமேட் போடுத காசே அதுக்கு மேல ஆகும்லா!” அந்த வீடியோவை எத்தனை தடவை போடச் சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை. கலைஞன் என்கிற சொல்லைக் கொண்டையராஜுவுக்குப் பிறகு ஒருவருக்கு அவர் பயன்படுத்தியது அன்றைக்குத்தான்.

விளைவை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் மழைக்குப் பிறகு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒருநாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்தால், பள்ளத்தின் நடுவில் மூன்று கால் பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் சிவப்புத் துணி, நாலாவது கால் இருக்க வேண்டிய இடத்தில் வேப்பங்கிளை. எதிரே கைகட்டி நின்றிருந்தார் அப்பா. பக்கத்தில் வைக்க ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னார். மாநகரம், இல்லாமை, காத்திருப்பு என்று ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். பேனாவை வாங்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ‘ஆழம் 2 அடி’ என்று எழுதினார். செக்யூரிட்டியைப் பிடித்துக் கன்னடத்திலும் எழுதி வாங்கினார்.

மறுநாள் காலை பள்ளம் இருந்தது, சீட்டு இருந்தது, நாற்காலியைக் காணோம். துணியையும் காணோம். அது தன்னுடைய ரவிக்கைத் துணி என்று அம்மா அப்போதுதான் கண்டுபிடித்து, வீட்டில் பெரிய ரகளை.

அப்பாவுக்கு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “ஒரே ராத்திரியில போயிருச்சு பாத்தியா? ஹுசேனுக்கு எழுபது வருஷம்லா ஆச்சு.”