ஊர்தியிலார் ஊர்காண் முறைமை: சென்னையை முன்வைத்து ஓர் ஆய்வு

சொந்தக் கார் இல்லாதவர், இருந்தும் ஓட்டத் தெரியாதவர், ஓட்டத் தெரிந்தும் சென்னையில் ஓட்டத் துணியாதவர் ஆகிய மூவரையும் இக்கட்டுரை 'ஊர்தியிலார்' என்னும் ஒரே வகையில் அடக்குகிறது. இவருள் மூன்றாம் பிரிவினரே அறிவில் மூத்தோர் என்பது எம் துணிபு. அதற்குச் சான்று வேண்டுவோர் மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையில் போய் நிற்கலாம். ஊர்தியிலார் இரண்டு நாள் அவகாசத்தில் ஒரு பெருநகரத்தைச் சுற்றிப் பார்க்கத் திட்டம் போடுகிறார்கள். அத்திட்டம் எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதே நம் வினா.

தூரத்தால் உடைகிறது என்பர் ஒரு சாரார். வாடகைக் கார் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் கொள்கை. இதைப் பூர்வபட்சமாக நிறுத்தி மறுக்கிறோம். ஊர்தியிலார் ஒரு நாளில் எத்தனை இடங்கள் பார்ப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே: கதவு சாத்தும் நேரமும், ஏற வேண்டிய படிகளும். கிலோமீட்டருக்கு இதில் பங்கில்லை.

முன்னோர் செய்த ஆய்வுகளைச் சொல்லாமல் மேலே போவது மரபன்று. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை காட்டும் வழி வேறு உலகத்துக்கு என்பதால் அதற்கு நம் துறையில் இடமில்லை. மற்ற நான்கும் அப்பட்டமான பயண வழிகாட்டிகள். போய் வந்தவன் போகப் போகிறவனுக்குச் சொல்கிறான். போகிறவன் நடந்தே போகிறான். சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார், எயிற்பட்டினத்தில் இறங்கினால் சுட்ட மீன் கிடைக்கும், ஆமூருக்குப் போனால் சோற்றோடு நண்டு கிடைக்கும் என்பது வரை குறித்திருக்கிறார். அதைவிட முக்கியமான ஒரு செய்தியும் அதில் உண்டு: பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடனின் வாயில் பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் அடைக்கப்படுவதே இல்லையாம். திறந்திருக்கும் நேரத்தைப் பதிவு செய்யாத வழிகாட்டி வழிகாட்டியே அன்று என்பதைச் சங்கப் புலவர் உணர்ந்திருந்தார். இன்று அந்த வழிகாட்டி வேலையைப் பார்ப்பவர் மாம்பலத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா. அவர் இடங்களின் பெயரை மட்டும் போனில் அடுக்குகிறார். கிழமை சொல்வதில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் கற்பனையானது. ஆனால் அடுத்த தெருவில் வசிப்பது. திருநெல்வேலியிலிருந்து இரவு ரயில் ஏறிய பெரியப்பா, பெரியம்மா, முழங்கால் வலிக்காரரான அத்தை, திட்டம் போட்ட கல்லூரிப் பையன், எதற்கும் வாய் திறக்காத எட்டாம் வகுப்புத் தங்கை. இங்கே ஓர் இடைக்குறிப்பு: சென்னையைப் பார்ப்பதற்கென்று யாரும் சென்னைக்கு வருவதில்லை. கல்யாணத்துக்கு வருகிறார்கள், மிச்சப்பட்ட பொழுதில் சென்னையைப் பார்க்கிறார்கள். ஆகவே ஊர்தியிலாரின் கையில் ஒரு தாம்பூலப் பை உண்டு. ரயில் நிலையத்தின் பொருள் காப்பறையில் பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் வாங்குவார்கள். தேங்காயும் வெற்றிலையும் வைத்த மஞ்சள் துணிப்பைக்குப் பூட்டுப் போடும் உபாயம் இந்நாள்வரை கண்டுபிடிக்கப்படவில்லை. பை ஊர் முழுக்க உடன் வரும்.

பையனின் திட்டத்தை ஆராய்ந்தபோது அது நச்சினார்க்கினியர் வழிப்பட்டது என்று தெரிந்தது. பாட்டின் தொடக்கத்தில் கிடக்கும் சொல்லைக் கடைசியில் கிடக்கும் சொல்லோடு கொண்டுகூட்டிப் பொருள் உரைப்பதில் அவ்வுரையாசிரியர் பேர்போனவர். இவனும் காலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா, நடுப்பகலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை, மாலையில் பெசன்ட் நகர் என்று எழுதி வைத்திருந்தான். தென்கோடி, வடகோடி, மறுபடி தெற்கு. உரையில் இதற்குப் பெயர் புலமை. உச்சி வெயிலில் இதற்குப் பெயர் வேறு. பெரியம்மா அந்தப் பெயரைச் சொன்னார். ஆய்வேட்டில் அச்சிடத் தகாது.

இனிக் கதவுகள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அமராவதிச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராசரும் அங்கேதான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் மத்தியத் தொல்லியல் துறையுடையது. துறை வேறு, அரசு வேறு, விடுமுறை அதே வெள்ளி. வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்தான். பழைய பொருள்கள் யாவும் வெள்ளியிலும் உயிருள்ளவை யாவும் செவ்வாயிலும் ஓய்வெடுக்கின்றன என்ற இந்தப் பொதுமையை 'வெள்ளி–செவ்வாய்த் தேற்றம்' என வழங்கலாம். நம் மரபில் இவ்விரு கிழமைகளுமே விரதத்துக்கும் கோயிலுக்கும் உரியவை. எனவே வெள்ளியன்று வந்து இறங்கியவர் அருங்காட்சியக வாசலில் நின்று வருந்தத் தேவையில்லை. நேரே மயிலாப்பூருக்குப் போய்விடலாம் என்று தோன்றும்.

தோன்றுவது சரி. ஆனால் கோயிலுக்கு நண்பகல் உண்டு. கபாலீசுவரர் கோயிலிலும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலிலும் மதியம் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நான்கு மணி ஆகும். அந்த நான்கு மணி நேரம்தான் ஊர்தியிலார் வரலாற்றின் இருண்ட காலம். கார் வைத்திருப்பவர் அந்த நேரத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள் தூங்குவார். ஊர்தியிலார் குளக்கரையில் கிடைத்த நிழலில் உட்கார்ந்து, யார் தாமதமாகக் குளித்ததால் இப்படி ஆயிற்று என்று விசாரிப்பார்கள். இதற்கு, வெள்ளி நீங்கலாக, எம் தீர்வு எளியது: காலையில் கோயில், நண்பகலில் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரை. கடற்கரைக்குக் கதவு இல்லை. திட்டம் போடுவோர் அதை எப்போதும் கடைசியில் வைப்பதற்கு இதுவே காரணம். சூரிய அஸ்தமனம் பார்க்க என்று அவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மெரினாவில் சூரியன் கடலில் உதிக்கும், முதுகுப்பக்கம் மறையும்.

இரண்டாவது படி. இது சிலேடை அன்று, மாடிப்படியைத்தான் சொல்கிறோம். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995லும், மயிலாப்பூர் வரை 1997லும், வேளச்சேரி வரை 2007லும் நீண்ட பறக்கும் ரயில் ஊர்தியிலார்க்கென்றே கட்டியது போன்றது. பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் போகிறது. அந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைத்தான் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். கார் இல்லாமல் ஊர் பார்க்கப் போனவரின் ஆவணமாக அதை இத்துறை உரிமை கோருகிறது. கரையில் நடந்து அந்தப் படகைக் கயிறு கட்டி இழுத்தவர்களின் பாடு கவிஞர் கண்ணில் பட்டது. மாடிப்படியில் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறும் பையனைப் பாட இன்னும் ஒருவர் வரவில்லை.

"ஏல, இன்னும் எத்தன படி கெடக்கு?"

"இந்தா முடிஞ்சிட்டு அத்த."

"கீழயும் இதத்தான சொன்ன."

மேலே போய்ச் சேர்ந்தபின் கிடைக்கும் காட்சியையும் மறைக்கக் கூடாது. ரயில் வாசலில் காற்று முகத்தில் அடிக்க, ஒரு பக்கம் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம், இன்னொரு பக்கம் திருவல்லிக்கேணி மொட்டைமாடிகளில் காயும் வேட்டிகள். ஐந்து ரூபாயில் தொடங்கும் கட்டணத்துக்கு இது அதிகம். மெட்ரோவிலோ மின்தூக்கி உண்டு, குளிர்சாதனம் உண்டு, அத்தைக்கு ஏற்றது. ஆனால் நகரின் நடுப்பகுதியில் அது சுரங்கத்துக்குள் போகிறது. எழும்பூரிலிருந்து ஏறியவருக்குச் சன்னலில் தெரிவது தன் முகமே. ஊர் பார்க்க வந்து தன்னையே பார்த்துக்கொள்வதை வேதாந்தம் ஏற்கலாம், பெரியப்பா ஏற்கவில்லை. ஆகவே படியும் காட்சியும் நேர்விகிதத்தில் அமைகின்றன என்பது இரண்டாம் விதி. ஏறாதவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டுமானால் ஏற வேண்டும்.

நிலையங்களைப் பெயரை நம்பித் தேர்வு செய்வோர்க்கு எச்சரிக்கை. சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கி அலையில் கால் நனைக்கலாம் என்று நினைத்தால் எதிரே துறைமுகத்தின் மதில்தான் இருக்கும். மெரினா வேண்டுவோர் சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்கி நடக்க வேண்டும். கலங்கரை விளக்கம் என்ற நிலையத்தில் இறங்கினாலும் விளக்கைத் தேடிக் கடல் பக்கம் கணிசமாக நடக்கத்தான் வேண்டும். கோட்டை நிலையம் மட்டும் சொன்ன சொல் தவறாமல் கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மாநகரப் பேருந்துக்குப் படி குறைவு, காட்சி நிறைவு; அதாவது இரண்டாம் விதியை அது மீறுகிறது. விதிவிலக்குக்கு உரிய விலையை வேறு வகையில் வாங்கிக்கொள்ளும். நெல்லையில் நடத்துனர் பயணியைத் தேடி வருவார். சென்னையில் அவர் தம் இருக்கையில் வீற்றிருப்பார். காசுதான் அவரைத் தேடிப் போகும். முன்னால் நிற்பவர் இருபது ரூபாயைப் பின்னால் நீட்டுகிறார், முன்பின் அறியாத கைகள் அதை வாங்கி வாங்கிக் கடத்துகின்றன, "ரெண்டு மயிலாப்பூர்" என்ற சொல்லும் நோட்டோடு சேர்ந்து போகிறது, சீட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வருகின்றன. இப்படிப் போன காசு திரும்பாமல் போனதாகப் பெரும்பாலும் யாரும் புகார் சொல்வதில்லை. பெரியப்பாவுக்கு மட்டும், நோட்டு கண்ணை விட்டு மறைந்தது முதல் சில்லறை கைக்கு வரும் வரை, சன்னலுக்கு வெளியே இருந்த எதுவும் தெரியவில்லை. சாந்தோம் தேவாலயம் அந்த இடைவெளியில் கடந்து போயிற்று.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் குடும்பம் கொள்கை அளவில் இரண்டாகப் பிளந்தது. அத்தையும் பெரியம்மாவும் கட்டணமில்லாப் பேருந்து வரும்வரை நிற்போம் என்றார்கள். பெரியப்பா வந்த பேருந்தில் ஏறுவோம் என்றார். நிற்கும் நேரத்துக்கு விலை உண்டு என்று பொருளாதாரம் படிக்கும் பையன் எடுத்துச் சொன்னான். "என் நேரத்துக்கு நான் வெல வச்சிக்கிடுதேன், நீ பேசாம நில்லு" என்று அத்தை கூறிய மறுமொழியில் வாய்ப்புச் செலவுக் கோட்பாட்டின் குறை முழுவதும் அடங்கியுள்ளது. 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்ரயில் வந்தது. அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய் என்று பையன் வாயெடுத்தபோது அத்தை பதிலே சொல்லவில்லை.

டிராம் இருந்திருந்தால் இவ்வளவு சிக்கல் இல்லை என்போர் உண்டு. சென்னையில் மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கியது, 1953இல் நின்றது. படி இரண்டோ மூன்றோ, காட்சி இரு பக்கமும். ஆனால் இல்லாத வண்டியை வைத்துத் திட்டம் போட முடியாது. ஷேர் ஆட்டோ பற்றித் தனி நூல் எழுத வேண்டியிருப்பதால் இங்கே தொடவில்லை.

அரசுப் பேருந்தில் தெற்கிலிருந்து வருவோர் கிளாம்பாக்கத்தில் இறக்கப்படுகிறார்கள். முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டது. அங்கே இறங்கி "மெட்ராஸ் வந்தாச்சு" என்று ஊருக்குப் போன் போட்டவர், கபாலீசுவரர் கோயில் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் இன்னொரு முறை போன் போட வேண்டியிருக்கும். அப்போது நடை சாத்தியிருக்கும்.

உணவைப் பற்றி நத்தத்தனார் அளவுக்குச் சொல்ல இடமில்லை. திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி சாம்பாரில் மூழ்கிக் கிடக்கும் என்பதும், தங்கை இரண்டு நாளில் வாய் திறந்தது அங்கே மட்டும்தான் என்பதும் போதும்.

எஞ்சியிருப்பது இரண்டாம் நாள் மாலை. எந்தப் பலகையிலும் எழுதியிராத மூன்றாவது கதவு அன்று சாத்தப்படுகிறது. அதைச் சாத்துபவர் பெரியப்பா. ரயில் இரவில். மெரினாவிலிருந்து எழும்பூர் ஒன்றும் வெகுதூரமில்லை. இருந்தும், "வழியில என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்? அஞ்சு மணிக்கே ஸ்டேஷன்ல இருக்கணும்" என்பது ஆணை. வெயில் அப்போதுதான் தாழ்கிறது, சுண்டல்காரர்கள் அப்போதுதான் வருகிறார்கள். குடும்பம் மணலைத் தட்டிக்கொண்டு எழுகிறது. வழியில் எதுவும் நடக்கவில்லை. ஐந்தே கால் மணிக்கு ஐவரும் ஒரு தாம்பூலப் பையும் நடைமேடை இருக்கையில்.

ரயிலுக்குக் காத்திருந்த இந்த மூன்று மணி நேரத்தை விரயம் என்று எழுதத்தான் முதலில் எண்ணினோம். ஆனால் 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்தின் குவிமாடமும் சிவப்பு முகப்பும் பையனின் பட்டியலில் பதினோராவது இடமாக எழுதப்பட்டிருந்தன. வண்டலூர், கோட்டை, பெசன்ட் நகர் எல்லாம் அடிக்கப்பட்ட பட்டியலில் அது ஒன்று மட்டும் முழுமையாக, அவசரமில்லாமல், மூன்று மணி நேரம் பார்க்கப்பட்டது. கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.