சொப்ட்வெயார் தம்பி

நோர்வூட், பொகவந்தலாவை, கொட்டகலை என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று தோட்டத்துக்கு ஒரு சொப்ட்வெயார் தம்பி இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்குவார். முதுகில் லெப்டொப் பை, காதில் ஹெட்செட், காலில் வெள்ளைச் சப்பாத்து. லயத்து வாசலைத் தொடுவதற்குள் சப்பாத்து நிறம் மாறிவிடும்.

தம்பி படித்த படிப்பெல்லாம் அவருடைய சுயவிபரக்கோவையில் வரிசையாக நிற்கிறது. பிரஜாசக்தி நிலையத்தில் வேர்ட், எக்செல். வெள்ளவத்தை அனெக்ஸில் நாலைந்து பேரோடு நெருக்கிப் படுத்து ஜாவா. முதல் வேலையில் பி.எச்.பி.; அது பழசு என்றார்கள், உடனே ரியெக்ட். 2020இல் கொரோனா வந்து ஊருக்குத் திரும்பியபோதுதான் அசல் வித்தையைக் கற்றார்: கோயில் மேட்டில் எந்தப் பாறையில் உட்கார்ந்தால் சிக்னல் நாலு கோடும் விழும் என்பது. 2022இல் கரண்ட் கட் அட்டவணையையும் மனப்பாடம் செய்தார். கோவையில் இந்த இரண்டையும் அவர் சேர்க்கவில்லை. முதலாவதாகப் போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்டர்னாகப் போனவர் இன்று டெக் லீட். லயத்தில் மட்டும் பதவி உயர்வே கிடையாது. அங்கே டிவி டிஷ்ஷைத் திருப்புவதும், வட்ஸ்அப்பில் காணாமல் போன போட்டோவைத் தேடுவதும் அவர் வேலைதான்.

இன்னும் மலைக்குப் போகிற பெரியம்மா நடத்தும் நேர்முகப் பரீட்சை எந்தக் கம்பெனியிலும் நடக்காது.

"காலையில என்னாய்யா செய்வீங்க?"

"9 மணிக்கு எல்லாரும் கூடி, இன்னைக்கு யாரு என்ன செய்யிறதுன்னு பேசுவோம் பெரியம்மா."

"பெரட்டுன்னு சொல்லு. கங்காணி யாரு?"

"ஸ்க்ரம் மாஸ்டர்."

"அவரு கொழுந்து எடுப்பாரா?"

"மாட்டாரு."

"அப்ப கங்காணியேதான். எம்புட்டு எடுத்தா ஒரு பேரு?"

தம்பி இங்கேதான் மாட்டிக்கொண்டார். வேலைக்குப் பொயின்ட் உண்டு, அதை நாங்களே மதிப்பிட்டுக்கொள்வோம் என்றார். பெரியம்மா நம்பவில்லை. பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், அதிலும் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்துக்கொண்டுதான் கிலோ போடுவார்கள். 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே வருஷக்கணக்கில் கத்தி, 2021இல்தான் அதைக் கண்ணில் கண்டவர் அவர்.

"வேல செய்யிற ஆளே தராசையும் புடிக்கிறதா? எந்தத் தோட்டம்யா அது?"

ஈ.பி.எப். விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே சட்டம்: சம்பளத்தில் 8 வீதம் பிடிப்பு, கம்பெனி போடுவது 12. அது தெரிந்ததும் பெரியம்மாவுக்குத் தம்பியின் வேலைமேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

போன பொங்கலுக்குத் தம்பி முகம் வாடி வந்தார். ஏ.ஐ. வந்து கோட் எழுதுகிறதாம், இனி எதைப் படிப்பது என்று தெரியவில்லையாம்.

"கொழுந்து வெட்டுற மெஷினுந்தான் வந்துச்சு," என்றார் பெரியம்மா. "இங்கிட்டு ஒரு ஆளு, அங்கிட்டு ஒரு ஆளு புடிக்கணும். ஒன் மெஷினுக்கு எத்தன ஆளு?"

"அது எழுதினதச் சரி பாக்க ஆள் வேணும் பெரியம்மா."

"அப்ப மொத ஆளா ஒம் பேரக் குடுத்துரு."