சீக்குக்குக் கணக்குப் பாக்கப் போற பேரனுக்கு

ஏல தம்பி, இங்கன வா. உக்காரு. டாக்டர் ஆகப் போறியாமே? ஊசி போடாத டாக்டராம். சீக்குல எம்புட்டுத் துட்டு கரையுதுன்னு கணக்குப் பாக்குற டாக்டராம். சுகாதாரப் பொருளாதாரத்துல பி.ஹெச்டி. உங்க அம்மா தெருவெல்லாம் சொல்லியாச்சு. கீழத்தெருக் கிழவி ஒருத்தி கால் வீக்கத்தைக் காட்டணும்னு திண்ணையில வந்து உக்காந்திருக்கா. என்ன செய்யப் போற? விலைவாசிப் புள்ளி சொல்லி அனுப்புவியா?

படிப்பு எம்புட்டு வருஷம்? அமெரிக்கான்னா அஞ்சு ஆறு, இங்கிலாந்துன்னா மூணு நாலுன்னு சொல்லுதாக. முதல்ல பாடம், பெறவு பரீட்சை, பெறவு மூணு கட்டுரை. மூணையும் சேத்து அட்டை போட்டா அதுதான் ஆய்வேடாம். மூணு கட்டுரைக்கு இத்தனை வருஷமா? எங்க காலத்துப் பஞ்சாயத்து எழுத்தர் ஒரே ராத்திரியில முப்பது தீர்மானம் எழுதுவாரு. கூட்டமே நடந்திருக்காது, அது வேற கதை.

உங்க படிப்புக்கு ஒரு மூலவர் உண்டாம், மைக்கேல் கிராஸ்மன். 1972-ல எழுதினாரு. உடம்புங்கிறது ஒரு மூலதனம், வருஷா வருஷம் தேயும், சாப்பாடும் மருந்தும் நடையும் அதுல போடுற முதலு. எதுவரைக்கும் முதல் போடுறதுன்னு ஆளே முடிவு எடுக்கான். அப்படிப் பாத்தா எம்புட்டு நாள் உசுரோட இருக்கிறதுன்னும் ஒரு வகையில அவனே தேர்ந்தெடுக்கானாம். அடேங்கப்பா! சித்திரகுப்தனுக்குச் சோலி போச்சு. அவரு இன்னொண்ணும் சொல்லுதாரு. படிப்பு கூடக்கூட ஆளு உடம்பைத் திறமையாப் பேணுவானாம். நீ கண்ணாடியில உன் மூஞ்சியைப் பாத்தியால? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லேப்டாப்பு. காலையில வெறும் காப்பி. இந்த வயசுல முதுகுவலி. அவரு மாடலுக்கு நீயே ஒத்துவரலையே.

கென்னத் ஆரோ 1963-ல எழுதினது மட்டும் எனக்குப் பிடிச்சுது. பின்னால நோபல் வாங்கினவரு. சந்தையில கத்திரிக்கா சொத்தைன்னா வாங்குறவனுக்கே தெரியும். குடல்வால் சொத்தைன்னா? டாக்டர் சொன்னாத்தான் உண்டு. அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது, நடுவுல நிக்கிறது நம்பிக்கை ஒண்ணுதான். அதனால வைத்தியத்தை மத்த சந்தை கணக்கா நினைக்காதீகன்னாரு. அவரு சொன்னா அது ஆய்வு. ‘அந்த ஆஸ்பத்திரிக்குப் போனா சும்மா அனுப்ப மாட்டான்’னு உங்க அப்பத்தா சொன்னா மட்டும் வாயாடியா? 1959-லயே ரோமர்னு ஒருத்தரும் அவரு கூட்டாளியும் பாத்துச் சொல்லியிருக்காக, கட்டில் போட்டா கட்டில் நிரம்பும்னு. நம்ம டவுன்ல ஸ்கேன் மிஷின் வந்த நாள்லயிருந்து தலைவலி இல்லாத ஆளு யாருல இருக்கா? மிஷினுக்கு மாசத் தவணை கட்டணும்ல?

அது கிடக்கட்டும். உங்க படிப்புல சௌக்கியத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் வச்சிருக்கீகளே, அதைப் பத்திப் பேசாம உன்னைப் பஸ் ஏத்த மாட்டேன். அஞ்சே கேள்வி. நடக்க முடியுதா, குளிச்சு உடுத்த முடியுதா, அன்னாட சோலி பாக்க முடியுதா, வலி இருக்கா, மனசுல கவலை இருக்கா. பதிலைக் கூட்டிக் கழிச்சு ஒரு மார்க்கு. முழுச் சௌக்கியத்துக்கு ஒண்ணு, செத்துப்போனா பூஜ்யம். சில சீக்குக்குப் பூஜ்யத்துக்கும் கீழயாம். செத்தவன்கூட உன்னைவிடத் தேவலைன்னு ஒரு மார்க்கு! இதெல்லாம் எங்கயிருந்து வருது? ஜனங்ககிட்டப் போய்க் கேக்காக. ‘அய்யா, இந்தச் சீக்கோட பத்து வருஷம் இருக்கீகளா, இல்ல சீக்கே இல்லாம ஏழு வருஷம் போதுமா? ஆறு? அஞ்சரை?’ எங்கிட்டக் கேட்டா என்ன சொல்லுவேன் தெரியுமா? பத்து வருஷம் தாரேங்கிற ஆளை முதல்ல கூட்டிட்டு வா, பெறவு பேரம் பேசுவோம்னுவேன். எங்க மதினிகிட்டக் கேளு. ‘பேத்தி கல்யாணம் வரைக்கும் இருக்கணும், கால்வலி இருந்துட்டுப் போவுது’ம்பா. அதை எந்தக் கட்டத்துல டிக் அடிப்ப?

இந்த மார்க்கை ஆயுசோட பெருக்கி, ஒரு சௌக்கியமான வருஷத்துக்கு இன்ன விலைன்னு கணக்குப் போடுதாக. இங்கிலாந்துல 1999-ல தொடங்கின நைஸ்னு ஒரு அமைப்பு, வெகுகாலமா 20,000-லயிருந்து 30,000 பவுண்டு வரைக்கும் தாங்கும்னு கோடு போட்டு வச்சிருந்துச்சு. அதுக்கு மேல போனா அந்த மருந்துக்கு அரசாங்கத் துட்டு கிடைக்கிறது கஷ்டம். சிரிக்காதல. எல்லாருக்கும் எல்லா மருந்தும் வாங்கித் தர எந்த ராசாகிட்டயும் துட்டு கிடையாது. அங்க கணக்கை வெளிய சொல்லி இல்லைங்காக. இங்க வரிசையில நிக்கவச்சே இல்லைன்னுருதோம்.

1970-கள்ல அமெரிக்காவுல ராண்ட்னு ஒரு நிறுவனம் பெரிய சோதனை ஒண்ணு நடத்துச்சு. சில குடும்பத்துக்கு வைத்தியம் இலவசம், சில குடும்பம் கைத்துட்டும் போடணும். கைத்துட்டுப் போட்டவுக ஆஸ்பத்திரிப் பக்கம் போனது குறைச்சல். இதைக் கண்டுபிடிக்கவா கோடிக்கணக்குல டாலர்? எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தா சொல்லியிருப்பேனே! ஆனா பின்பாதியைக் கேளு. வேண்டாத வைத்தியத்தை மட்டும் அவுக விடல. வேண்டியதையும் சேத்தே விட்டாக. எது வேணும், எது வேண்டாம்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? ரத்தக்கொதிப்பு இருந்த ஏழைகளுக்கு இலவசம்தான் நல்லது செஞ்சிருக்கு. இலவசம் கொடுத்தா ஜனம் கெட்டுப்போகும்னு டிவியில கூவுறானே கோட்டுக்காரன், அவன்கிட்டப் போய் இதைச் சொல்லு.

ராஜஸ்தான்ல உதய்ப்பூர்ப் பக்கத்துச் சோதனைதான் என் வாயை அடைச்சுது. பானர்ஜி, டஃப்ளோங்கிற பொருளாதாரக்காரவுக கூட்டம் செஞ்சது, 2010-ல வெளிவந்துச்சு. சும்மா விட்ட ஊர்கள்ல தடுப்பூசி முழுசாப் போட்ட புள்ளைக நூத்துக்கு ஆறு. தவறாம முகாம் போட்ட ஊர்கள்ல பதினெட்டு. முகாமும் போட்டு, ஊசிக்கு ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிஞ்சா தட்டும் கொடுத்த ஊர்கள்ல முப்பத்தொம்பது. பருப்புக்குப் புள்ளையைத் தூக்கிட்டு வருவாகன்னு எனக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது. பருப்புக் கொடுத்தா செலவு கூடத்தானே செய்யும்? கூடல. வெறும் முகாம்ல ஒரு புள்ளைக்கு 2,202 ரூவா ஆனது 1,102-ஆக் குறைஞ்சுபோச்சு. நர்சம்மா முகாம்ல உக்காந்திருக்கிற சம்பளம் பத்துப் பேரு வந்தாலும் அதுதான், ஒருத்தன் வந்தாலும் அதுதான். இந்த மாதிரி ஒண்ணு கண்டுபிடிச்சன்னா ஆறு வருஷம் என்ன, எட்டு வருஷம்கூடப் படி. நான் கேக்க மாட்டேன்.

நம்ம பக்கத்துக் கதையும் ஒண்ணு கேளு. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல பிறந்த வெங்கடசாமி டாக்டர் 1976-ல மதுரையில 11 கட்டிலோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினாரு. துட்டு உள்ளவன் கொடுக்கிறதுல இல்லாதவனுக்கும் கண்ணு தெரியவச்சாரு. ஹார்வர்டுல அதைப் பாடமா வச்சிருக்காக. நீ அதைப் படிக்க ஏரோப்ளேன் ஏறுவ. இங்கயிருந்து வெள்ளன பஸ் ஏறினா நேர்லயே பாத்துட்டுப் பொழுதடையத் திரும்பிரலாம்.

கடைசியா ஒண்ணு. வீட்டுச் செலவுல நூத்துக்குப் பத்து வைத்தியத்துக்குப் போனா பெருஞ்சேதம்னு ஒரு கோடு வச்சிருக்கீக, சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்துல நாப்பதுன்னு இன்னொரு கோடு. சரி. தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவ ஒருத்தி. அடிவயித்துல வலி. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் கூலி போச்சு. துணைக்கு வாரவ கூலியும் போச்சு. பஸ்சுக்கு, ஸ்கேனுக்குக் கம்மலை அடகு வைக்கணும். யோசிச்சுப் பாத்தா, போகல. சுக்குத் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்துட்டா. அவ செலவு பூஜ்யம். உன் அட்டவணையில அவளுக்குச் சேதமே இல்ல, சௌக்கியமா இருக்கா!

அதனால ஏரோப்ளேன் ஏறுறதுக்கு முன்ன பெரியாஸ்பத்திரி ஓபி வாசல்ல ஒரு பகல் உக்காரு. சீட்டு வாங்க நிக்கிறவுககிட்ட என்ன சீக்கு, எம்புட்டுச் செலவுன்னு நோண்டாத. அதை உனக்கு முன்னால பத்துப் பேரு கேட்டாச்சு. ‘உங்க தெருவுல வராம கிடக்கிறவுக யாரு?’ன்னு மட்டும் கேளு. வீட்டு அடையாளத்தோட சொல்லுவாக.